ஐந்து விரல் இங்கிலீஷ்

இனிமேல் இந்த வீட்டில் இங்கிலீஷைத் தவிர வேறு பேச்சே கிடையாது என்று சாவியோ சட்டம் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பதினோரு நிமிஷம் சட்டம் அமலில் இருந்தது. பன்னிரண்டாவது நிமிஷம் குழாயில் தண்ணீர் நின்றது. சட்டம் போட்ட ஐயாவுக்குத் தலை நிறைய சோப்பு.

"ஜானட்டு! வாட்டரு... வாட்டரு..."

"ஃபுல் சென்டன்ஸ்," என்றாள் கதவுக்கு வெளியே ஜானட்.

"அடியே, கண்ணு எரியுதுடி! தண்ணி கொண்டா!"

சட்டம் செத்தது.

சாவியோ எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். வீடியோவில் இன்டர்வியூ, முழுக்க இங்கிலீஷில், இருபது நாளில். ஜானட் அவன் மனைவி. ராயபுரத்தில், தமிழ் பேசினால் முட்டி போட வைக்கிற கான்வென்ட்டில் படித்தவள். கல்யாணமான மூன்று வருஷத்தில் அந்தப் படிப்பு மருந்துச் சீட்டு வாசிக்கத்தான் பயன்பட்டது.

மருந்துச் சீட்டுக்குப் பஞ்சமில்லை. பதினோரு மாதக் குழந்தைக்கு இழுப்பு. காலையில் ஜன்னல் கட்டையைத் தொட்டால் விரல் கறுப்பாகும். எந்தப் புகைபோக்கியின் கறுப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். டாக்டர், "பாப்பாவை வேற ஏரியாவுக்குக் கொண்டுபோயிடுங்கம்மா" என்று, மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின் என்பதுபோலச் சொல்லி அனுப்பினார்.

"அங்க எங்களையும் கூட்டினு போவியா?" ஜானட் முதல் நாளே கேட்டாள்.

"ஃபேமிலி அலவ்டு இல்ல. ரூல்ஸு. நான் போயி ரெண்டு வருசம் தனியா கஸ்டப்படறேன். நீ எங்கம்மா கூட இரு."

அவன் சொன்ன கஷ்டம் இதுதான்: ஏசி ரூம், நாலு தோஸ்து, வெள்ளிக்கிழமை கிரிக்கெட், அப்புறம் தூக்கம். குழந்தையின் நெஞ்சுக்குள் ஊதுகிற அந்த விசில் கேட்காத தூக்கம். அதைக் கேட்டால் அவனுக்குப் பயமாக இருந்தது. ஆம்பிளை பயத்தை வெளியே சொல்லலாமா? தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். மூச்சை எண்ணுகிற வேலை ஜானட்டுக்கு.

ஆகவே ஏஜென்ட் ஆபீசில் ஃபாரம் நிரப்பும்போதே ‘சிங்கிள்’ என்று டிக் அடித்துவிட்டு வந்திருந்தான். கேட்டால் குடும்பத்துக்கும் வீடு தருவார்கள் என்று ஏஜென்ட் சொன்ன சேதியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். இரண்டும் ஜானட்டுக்குத் தெரியாது.

பயிற்சி தொடங்கியது. உச்சரிப்பில் அவனை அடிக்க ஆளில்லை. மாதா கோயில் பாடல்குழுவில் லத்தீன் பாட்டை ஒரு எழுத்தும் புரியாமல், ஒரு சுருதியும் பிசகாமல் பாடுகிறவன். கிரேனு, லிஃப்ட்டு, போல்ட்டு என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஆடிய வாலை ஜானட் ஒரே வாரத்தில் நறுக்கிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் லண்டன்காரன். கண்ணைத் திறந்தால் லுங்கி.

கேட்டுப் புரிந்துகொள்வதில்தான் வந்தது பேஜார். ஜானட் போனில் ஓர் உரையாடலைப் போட்டுவிட்டுக் கேள்வி கேட்டாள்.

"லைப்ரரி எத்தினி மணிக்கு மூடுவாங்க?"

"எந்த லைப்ரரி?"

"இப்ப அந்தம்மா சொன்னாங்களே!"

"அது அம்மாவா? ரயிலு அனவுன்ஸ்மென்ட்டுன்னு நெனச்சேன்."

"இன்னொரு தபா கேளு."

"வாயில இன்னாத்த வெச்சிகினு பேசறான் வெள்ளைக்காரன்? சூடா போண்டாவா?"

பதினைந்து நாள் போண்டா ஆறவில்லை. பதினாறாம் நாள் சாவியோவுக்கு ஞானம் பிறந்தது.

"ஜானட்டு, காது உன்னுது, வாயி என்னுது. நீ கேளு, நான் பேசறேன்!"

ஏற்பாடு இப்படி. ஜானட் பதில்கள் எழுதித் தருவாள், அவன் மனப்பாடம் செய்வான். கேள்வியைக் கேட்டு அவள் விரல் காட்டுவாள். ஒரு விரல் என்றால் பேர், ஊர். இரண்டு, அனுபவம். மூன்று, பாதுகாப்பு விதிகள். நாலு, ஏன் இந்த வேலை. ஐந்தும் விரிந்தால் குடும்பம். மூடிய கைக்கு, ‘லைன் கிளியர் இல்லை, ஒன்ஸ் மோர் ப்ளீஸ்.’ கட்டைவிரல் மட்டும் நின்றால், ‘எஸ், சார்.’

ஐந்தாவது பதிலை அவள் ஆசையாக எழுதியிருந்தாள்: எனக்கு ஒரு மனைவி, ஒரு மகள், அவர்களே என் பலம். வேண்டாமென்றால் ஏன் என்பாள். அதனால் அதையும் மனப்பாடம் செய்தான். கூடவே மொட்டைமாடிக்குப் போய் இன்னொன்றும் செய்தான்: ‘நோ, சார். ஐ ஆம் நாட் மேரீட்.’ ஐந்து விரல் விரிந்தால் இதைத்தான் எடுத்துவிடுவது. ஜானட் கத்தினால்? கேமரா முன்னால் கத்தமாட்டாள், கான்வென்ட் வளர்ப்பு. வேலை கிடைத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும்.

வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணி. போன் ஊறுகாய் பாட்டிலில் சாய்ந்து நின்றது. அதற்குப் பின்னால், கேமராவில் படாமல் ஜானட். மடியில் குழந்தை. திரையில் வழுக்கைத் தலை அதிகாரி வாயைத் திறந்தார், சத்தம் வந்தது. ஒரு விரல். சாவியோ பாடினான். மறுபடி சத்தம், இரண்டு விரல், பாடினான். மூன்று, பாடினான். மூடிய கை வந்தபோது லைனுக்காக நெஞ்சுருகி வருத்தப்பட்டான். அதிகாரியின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

பிறகு அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். இன்னொன்றையும் எடுத்தார். இரண்டையும் மாறிமாறிப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார்.

ஜானட்டின் முகம் வெளுத்தது. போனைப் பார்த்தாள். சாவியோவைப் பார்த்தாள். அந்தப் பார்வை திரும்புவதற்கு நேரமாயிற்று. கை மேலே வந்தது. ஐந்து விரலும் விரியத் தொடங்கின. ‘நோ, சார்’ அவன் நாக்கு நுனியில் ஏறி உட்கார்ந்தது.

கை அப்படியே நின்றது. நாலு விரல் ஒவ்வொன்றாக மடங்கின. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

"எஸ், சார்!" என்றான் சாவியோ.

இன்னொரு கேள்வி. கட்டைவிரல். "எஸ், சார்!"

இன்னும் ஒன்று. கட்டைவிரல். "எஸ், சார்!"

குழந்தை இருமியது. அதிகாரி சிரித்துக்கொண்டு என்னவோ கேட்டார். கட்டைவிரல். "எஸ், சார்!"

போனை அணைத்ததும் சாவியோ எழுந்து ஆடினான். "பாத்தியாடி! அசந்துட்டான் வயுக்கத் தல!" அஞ்சாம் நம்பர் வராமல் காப்பாற்றிய அந்தோணியாருக்கு மனசுக்குள் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டான். ஜானட் குழந்தைக்கு நெபுலைசர் வைக்கப் போனாள்.

திங்கட்கிழமை மெயில் வந்தது. வேலை உறுதி. கீழே விசாவுக்கு மூன்று பெயர்.

"இது இன்னாடி, மூணு பேரு?"

"நீ, நான், பாப்பா."

"நான் எப்போ கேட்டேன்?"

"நாலு தபா எஸ் சொன்னியே."

"எதுக்கு எஸ் சொன்னேன்?"

குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, லைப்ரரி மூடும் நேரத்தைச் சொல்லும் அதே நிதானத்தில் ஜானட் சொன்னாள்.

"ஃபாரத்துல சிங்கிள்னு இருக்கு, பாஸ்போர்ட்ல பொண்டாட்டி பேரு இருக்கே, கல்யாணம் ஆனவருதானேன்னாரு. எஸ் சார். அப்போ ஃபாரத்துல தப்பா விழுந்துடுச்சான்னாரு. எஸ் சார். ஃபேமிலிக்கு வீடு தரோம், சம்பளம் கொஞ்சம் கொறையும், பரவால்லையான்னாரு. எஸ் சார்."

"நாலாவது?"

"அங்க இருமுறது உங்க குழந்தையான்னு கேட்டாரு."

சாவியோ வாயைத் திறந்தான். அதற்குள் எதிர்வீட்டு ரஹீமுன்னிசா வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"இன்னா தம்பி, பொண்டாட்டி புள்ளைய கையோட கூட்டினு போறியாமே! எங்கூட்டுக்காரரு ஒம்போது வருசமா அங்க தனியா குந்திகினு கீறாரு. எம்மவன் அவர அங்கிள்ன்றான். நீ ஆம்பளப்பா!"

சாவியோ ஆம்பளையாகச் சிரித்தான். அவள் போனதும் கதவைச் சாத்தினான்.

"அங்க மட்டும் இன்னா? பாலைவனம்டி. மண்ணு, தூசு. பாப்பாக்கு அங்க நல்லாயிடும்னு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. அங்க மூச்சு வருமான்னு எனக்குத் தெரியாது. இங்க வரலன்னு தெரியும்."

பதில் கிடைக்காத புருஷன் செய்வதைச் சாவியோவும் செய்தான், குரலை உயர்த்தினான்.

"ஒத்துக்க மாட்டேன்! எனக்குத் தனி ரூமு போதும். கேன்சல்!"

"பண்ணிக்கோ," என்றாள் ஜானட். மெயிலின் அடியில் இருந்த நம்பரைக் காட்டிப் போனை அவன் கையில் கொடுத்தாள். "கூப்ட்டு இங்கிலீஷ்ல சொல்லு. நான் எதிர்ல உக்காந்து விரல் காட்டறேன்."