இலைதின்னியின் கால்விரல்

டைனோசரின் கால்விரல் உதவியாளரின் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டபோது மணி பத்தேகால். அதைப் பரிசோதிக்கப் பேராசிரியர் பன்னிரண்டுக்கு வருகிறார்.

காலையில் தூசி தட்டும்போது அது கீழே விழுந்து இரண்டானது. பசை போட்டான். எலும்பு எலும்போடு ஒட்டவில்லை, அவனோடு ஒட்டியது.

அந்த அருங்காட்சியகத்தின் பெருமையே அந்த இலைதின்னிதான். உலகத்திலேயே அதில் மூன்று துண்டுகள்தான் கிடைத்திருந்தன: ஒரு பல், பாதி வாலெலும்பு, இந்தக் கால்விரல். சுவரில் இருபதடி நீளத்துக்கு அது தழை மென்றுகொண்டிருந்தது. மீதியெல்லாம் ஓவியரின் பெருந்தன்மை.

"உங்க கைக்கு எடுப்பாத்தான் இருக்கு தம்பி," என்றார் காவலாளி.

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. பேராசிரியர் பாத்துட்டு சரின்னு சொன்னாத்தான் சாயங்காலம் டைரக்டர் மேடம் என் வேலையை நிரந்தரம் பண்ணுவாங்க."

"வெந்நீர்ல ஊற வைங்க. பசை விட்டுடும்."

பசை விட்டது. ஏழு கோடி வருஷமாக வெள்ளம், பூகம்பம் எல்லாவற்றையும் பார்த்த எலும்பு, ஒரு குவளை வெந்நீரில் பாலாகக் கரைந்தது.

"கொட்டிடாதீங்க. காய வெச்சா கெட்டியாகும்."

மின்விசிறிக்கு அடியில் காய வைத்தார்கள். காய்ந்த வரைக்கும் பறந்துபோனது.

வாசலில் காவலாளியின் நாய் நிம்மதியாக ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். நாயும் நிலைமையைப் புரிந்துகொண்டு ஓடியது.

மூன்று சுற்று துரத்திப் பிடுங்கிய எலும்பைத் தேநீரில் முக்கிப் பழசாக்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். பின்னாலேயே வந்த நாய் பெட்டி முன்னால் உட்கார்ந்தது. இழுத்தும் நகரவில்லை.

பன்னிரண்டுக்கு மேடம் பேராசிரியரோடு உள்ளே வந்தார்.

"இந்த நாய் இங்க என்ன பண்ணுது?"

"டைனோசர்னா அதுக்கு ஆர்வம் மேடம்," என்றார் காவலாளி.

பேராசிரியர் கால்விரலை எடுத்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார். அவர் முகம் வெளுத்தது.

"மேடம், இந்தத் தம்பிகிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்."

எல்லாரும் வெளியே போனார்கள், நாயைத் தவிர. கதவு சாத்தப்பட்டது. நிரந்தர வேலை கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்க, அவன் கைகூப்பினான்.

"சார், என்னை மன்னிச்சு..."

பேராசிரியர் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, மெதுவாப் பேசுங்க. பன்னெண்டு வருஷம் முன்னாடி ஆராய்ச்சிக்குன்னு வாங்கிட்டுப் போய் ஒரிஜினலை ரயில்ல தொலைச்சுட்டு, சாக்பீஸ் மாவுல ஒண்ணு செஞ்சு இங்க வெச்சதே நான்தான். அது எப்படிப்பா இப்ப நெஜ எலும்பாச்சு?"