அண்டாவுக்கு நான் எழுதிய சட்டம்

அதிகாரம் கைக்கு வந்தால் ஆளுக்கொரு கிறுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது சட்டம் எழுதும் கிறுக்கு.

சுதந்திரம் வந்த வருஷம் அது. நாட்டுக்கே அரசியல் சட்டம் எழுதினார்கள். மலாக்காவின் காஜா பெராங் வட்டாரத்தில் எங்கள் சங்கத்துச் செயலாளரான எனக்கு மட்டும் என்ன குறைச்சல்? கல்யாணம் கருமாதிக்கு இரவல் போகும் அண்டா, நாற்காலி, ஜமுக்காளம் எல்லாவற்றுக்கும் நம்பர் எழுதிப் பதிவேட்டில் ஏற்றினேன். யார் எதை எடுக்கலாம் என்பதற்கு மூன்று படிகள் வைத்தேன். கீழே உறுப்பினர்கள், நடுவில் கமிட்டி, உச்சியில் நான் ஒருவன். (தலைவரைக்கூட நடுப்படியில்தான் உட்கார வைத்தேன்.) சாமான் கேட்பவர் யாரானாலும் தமக்கு மேல்படியில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எந்தப் படியிலும் ஆளைப் போடும் உரிமை செயலாளருக்கு உண்டு. ஆனால் போட்டவரை இறக்க, அவருக்கும் மேலே இருப்பவர்தான் கையெழுத்திட வேண்டும். கடைசி வரியை எழுதிவிட்டு எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

சாமான் அறைச் சாவி ஆறுமுகம் அண்ணனிடம் இருந்தது. கையெழுத்தில்லாமல் ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டார் என்று நாலு பேர் முன்னால் அவரைக் கண்டபடி ஏசினேன்.

அடுத்த வாரம் கோயிலில் என் கல்யாணம். காலை ஏழு மணிக்குச் சமையல்காரர் வந்து, அடுப்பு எரிகிறது, அண்டா எங்கே, அரை மணியில் வராவிட்டால் பந்திக்குச் சாம்பார் கிடையாது என்றார். புக்கிட் ரம்பாயிலிருந்து பெண் வீட்டார் பஸ் நிறைய வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாலையும் கழுத்துமாகக் கோயிலை ஒட்டிய சாமான் அறைக்கு ஓடினேன்.

ஆறுமுகம் அண்ணன் பதிவேட்டை விரித்தார்.

"தம்பி, ஒங்களுக்கு மேல யாரு கையெழுத்து?"

"எனக்கு மேல யாருமில்லண்ணே."

"அப்ப அண்டா இல்ல. ஒரு கரண்டிக்கே அப்பிடி ஏசுனீங்க. இது நாலு பேரு தூக்குற அண்டா லா."

தலைவரை எனக்கு மேலே போடலாம் என்றால், அவர் நடுப்படிக் கோபத்தில் கல்யாணத்துக்கே வரவில்லை. சம்பந்தி வீட்டார் பசியோடு எழுந்து போனால் மலாக்காவில் நான் தலைகாட்ட முடியாது. அழுகை வந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வாசலில் காரைவிட்டு இறங்கிய மணப்பெண் சத்தம் கேட்டு வந்தாள். தமிழ்ப் பள்ளி டீச்சர். என் சட்டத்தை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள்.

"ஒங்களுக்கு மேல இன்னொரு படி போட்டு என் பேர எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். போட்டாள். பூட்டு திறந்தது. பந்தியில் ரசம் முந்தியும் சாம்பார் பிந்தியும் வந்தன. யாரும் பசியோடு போகவில்லை.

அந்தப் பதவியை நான் விட்டுப் பல காலமாகிறது. இன்றும் முறுக்கு டின்னில் நான் கை வைத்தால், "அம்மா கையெழுத்து வாங்கிட்டீங்களாப்பா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவளை நாலாம் படியிலிருந்து இறக்கலாம் என்றால், அவளுக்கு மேலே ஒருவர் வேண்டும். சட்டம் எழுதியவன் நான்தானே.