பெரியப்பாவின் மன்னிக்கும் குணம் சைபர்

பெரிய விஷயங்களை யோசிக்காமல் முடிவு செய்துவிட்டு, சின்ன விஷயங்களுக்கு மாதக் கணக்கில் மண்டையை உடைப்பது சில பேருடைய பிறவிக் குணம். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் வீட்டை ஒரே ஒரு தடவை பார்த்து, பல்கனியில் எட்டி நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முழம் கடல் தெரிகிறது என்ற காரணத்துக்காகவே எடுத்தவன் நான். (அந்த ஒரு முழத்திலும் இப்போது யாரோ தண்ணீர்த் தாங்கி வைத்துவிட்டார்கள்.) அதே நான்தான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்குவதா விடுவதா என்று மழைக்காலம் தொடங்கி முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அது எட்டு அரசர்கள் ஒரு நாட்டுக்காக மோதிக்கொள்ளும் விளையாட்டு. சுட்டுத் தள்ளுகிற அவசரமெல்லாம் இல்லை. நான் என் முறைக்குப் படையையோ தூதரையோ நகர்த்திவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், மற்ற அரசர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் முறைக்கு நகர்த்துவார்கள். நடுவில் எழுந்து போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் எதிரி மரியாதையாகக் காத்திருப்பான். அலுவலகத்தில் இந்தளவு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

வாங்கலாமா என்று இணையத்தில் விமர்சனங்களைப் படித்தேன். ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் விளையாடிய ஒருவர், 'தயவுசெய்து இதில் நேரத்தை வீணாக்காதீர்கள்' என்று எழுதியிருந்தார். பத்து நிமிடம் விளையாடிய இன்னொருவர் தன் வாழ்க்கையே மாறிவிட்டது என்றார். அம்மாவிடம் கேட்டேன். "பெட்டியும் இல்லை, சீடியும் இல்லை எண்டுறாய். அப்ப எதைத்தான் வாங்கப் போறாய்?" என்றார்.

கடைசியில் கொட்டாஞ்சேனை றொஷானிடம் போனேன். என்னோடு படித்தவன், துறைமுகத்தில் வேலை, இந்த விளையாட்டை முழுதாக வாங்கி வைத்திருப்பவன்.

"மச்சான், முதல் இருபது சுற்று சும்மா விளையாடலாம். அதில மொட் பண்ணிப் பார். ராசாக்கள்ட பேர், மூஞ்சி, குணம், பேசுற பேச்சு எல்லாத்தையும் நமக்கு ஏத்த மாதிரி மாத்தலாம். அதுதான் இந்த கேம்ட உயிரே. மொட் பண்ணிப் பிடிச்சா வாங்கு, இல்லாட்டி விடு," என்றான்.

நல்ல யோசனைதான். அது எந்த நேரத்தில் வந்தது என்பதில்தான் பிரச்சினை. தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

எங்கள் ஆட்களில் கல்யாணத்துக்குச் சொல்வது என்பது ஒரு படையெடுப்பு. தபாலில் கார்ட் அனுப்பினால் வரமாட்டார்கள், போனில் சொன்னால் வந்தாலும் சாப்பிடமாட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கையில் கொடுத்துச் சொல்லவேண்டும். அதிலும் யாருக்கு முதல், யாருக்குப் பிறகு என்ற வரிசை பிசகக்கூடாது, பிசகிவிடுமோ என்று அம்மாவுக்கு ஒரே பயம். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் முதல் கார்ட் அவருடைய அண்ணனான பெரியப்பாவுக்கு. தங்கச்சியின் கையைப் பிடித்துக் கொடுத்துத் தாரை வார்க்க வேண்டியவரும் அவர்தான். ஆனால் பெரியப்பா இருப்பது கொட்டாஞ்சேனையில், நகரத்தின் மறு கோடியில். அப்பாவின் தம்பியான சித்தப்பாவோ எங்கள் பக்கத்து ஒழுங்கையில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்.

அப்போதுதான் அந்தப் பொல்லாத யோசனை வந்தது. விளையாட்டைச் சோதித்த மாதிரியும் ஆச்சு, கல்யாண வேலைக்குத் திட்டம் போட்ட மாதிரியும் ஆச்சு என்று எட்டு அரசர்களையும் எங்கள் சொந்தக்காரர்களாக மாற்றினேன். பெரியப்பா கொட்டாஞ்சேனை மன்னர், சித்தப்பா பக்கத்து ஒழுங்கைக் குறுநில மன்னர், நான் வெள்ளவத்தை மன்னன், அம்மாவுக்கும் ஒரு ராச்சியம். தூதருக்குப் பதிலாக அழைப்பிதழ். பழைய குடும்பப் படங்களிலிருந்து முகங்களை வெட்டி முடி சூட்டினேன். (பெரியப்பாவின் வழுக்கையில் கிரீடம் நிற்கவே இல்லை. அரை நாள் போனது.)

பிறகு பத்துக்கு இத்தனை என்று குணங்களுக்கு மார்க் போட்டேன். பெரியப்பாவுக்குப் பெருமை பத்து, ஞாபகம் பத்து, மன்னிக்கும் குணம் சைபர். சித்தப்பாவுக்கு மன்னிக்கும் குணம் ஏழு. எனக்கு அறிவு ஒன்பது. பத்துப் போடத்தான் இருந்தேன், தன்னடக்கம் தடுத்துவிட்டது.

அரசர்களின் பேச்சையும் எழுதினேன். போர் அறிவிப்பவர், "எங்களைக் கடைசியாத்தான் நினைச்சனீங்களோ?" என்பார். கோபக்கார அரசரோடு கூட்டுச்சேர விரும்பாதவர், "உங்களோட கதைக்கப் பயமாயிருக்கு, பிறகு பாப்பம்" என்பார். எழுதிவிட்டு நானே சிரித்து, மொட் முழுவதையும் பெருமையாக றொஷானுக்கும் அனுப்பினேன்.

விளையாடிப் பார்த்தேன். பக்கத்தில்தானே என்று முதல் அழைப்பிதழைச் சித்தப்பாவுக்கும், அடுத்ததைப் பெரியப்பாவுக்கும் அனுப்பினேன். இருபது சுற்றும் கொட்டாஞ்சேனையில் ஒரு குதிரைகூட அசையவில்லை. சமாதானம். இலவசம் முடிந்து, 'தொடர்ந்து விளையாட வாங்கவும்' என்று திரை நின்றது.

இவ்வளவு சாதுவான விளையாட்டை எதற்கு வாங்கவேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். வரிசையெல்லாம் அம்மாவின் வீண் பயம் என்றும் முடிவு செய்தேன். அறிவு ஒன்பது அல்லவா? அடுத்த நாள் காலை இடியப்பம் வாங்கப் போன வழியில் சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்து முதல் கார்டைக் கொடுத்துவிட்டேன்.

சித்தப்பா நல்ல மனுஷன். அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் உடனே போனை எடுத்தார். "அண்ணை, எனக்குக் கார்ட் வந்திட்டுது. உங்களுக்கு எந்த நிறம்?"

அன்று பின்னேரம் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கூப்பிடாமல் அவர் வந்ததே இல்லை. அம்மா முகம் வெளிறி, "வாங்கோ அத்தான்" என்றார். பெரியப்பா சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து, சீனி போடாமல் ஒரு பிளேன்டீ கேட்டார். அம்மா கோப்பையை வைக்க இடம் இல்லாமல் என் லாப்டொப்பைத் தள்ளினார். எங்கேயோ கை பட்டு, கறுத்துக் கிடந்த திரை, நான் மூடாமல் விட்ட பெரியப்பாவின் குணப் பட்டியலோடு பளிச்சென்று எரிந்தது.

கிரீடத்தோடு பெரியப்பாவைப் பெரியப்பா பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நிதானமாகப் போட்டார். ஒவ்வொரு வரியாக, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல் சத்தமாக வாசித்தார்.

"பெருமை பத்து. சரி. ஞாபகம் பத்து. அதுவும் சரி. மன்னிக்கும் குணம்..." கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். "சைபரோ?"

"அது சும்மா ஒரு விளையாட்டு, பெரியப்பா."

"தம்பிக்கு எவ்வளவு போட்டிருக்கிறாய்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து நாக்கு உண்மையைச் சொல்லிவிட்டது. "ஏழு."

"அவனுக்கு ஏழோ? ஒரு மாம்பழத்துக்காக என்னோட ஒரு வருஷம் கதைக்காமத் திரிஞ்சவனுக்கு ஏழோ?" பெரியப்பா எழுந்தார். தேத்தண்ணி அப்படியே இருந்தது. "கார்டும் அவனுக்குத்தானே முதல் குடுத்தனீ. தாரை வார்க்கிறதுக்கும் அவனையே கூப்பிடு." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் என் போன் அடித்தது. றொஷான்.

"மச்சான், உன்ட மொட்டை முழு கேம்ல போட்டு ஓட்டினேன். இருபத்தோராம் சுற்றில உன்ட பெரியப்பா முழுப் படையோட வெள்ளவத்தைக்கு இறங்கிட்டார்! இந்த கேம்ல மன்னிக்காத ராசா உடனே அடிக்கமாட்டான்டா, சேத்து வைச்சு அடிப்பான். உனக்கு இருபதோட நிண்டிருக்கும், என்ன?"

வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும். ஒரேயொரு சுற்றுத்தான்.

தங்கச்சி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அழுதாள். "அப்பாட இடத்தில அவர் நிப்பார் எண்டுதானே அண்ணா நான் தைரியமா இருந்தனான்," என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உத்தரவு போட்டாள்: "நாளைக்குக் காலமை போ. அந்தக் கேமை அவருக்கு முன்னால வைச்சு அழி. அழிச்சிட்டுக் காலில விழு."

கொட்டாஞ்சேனைக்கு ஒரு கையில் கார்டும் வெற்றிலைத் தட்டமுமாக, மறு கையில் லாப்டொப்புமாக ஓட்டோவில் போனேன். கதவைத் திறந்த பெரியம்மா, "வா. ராத்திரி முழுக்க சைபர் சைபர் எண்டு கொண்டிருக்கிறார்," என்று காதுக்குள் சொன்னார். பெரியப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். தட்டத்தை நீட்டினேன். பேப்பர் அசையவில்லை.

"இதை உங்களுக்கு முன்னால அழிக்கத்தான் வந்தனான், பெரியப்பா," என்று லாப்டொப்பைத் திறந்தேன்.

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. "பொறு. அழிக்க முதல் காட்டு. கடைசியில ஆர் வெல்லுறது?"

"தெரியாது. மிச்சத்தைப் பாக்க வாங்கவேணும்."

"அப்ப வாங்கு."

ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்த விஷயம் அந்த மேசையில் ஒரு சொல்லில் முடிந்தது. வாங்கினேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையை இழுத்து வந்து தன் ராச்சியத்தைத் தானே ஆளத் தொடங்கினார். நான் சொல்லிக் கொடுத்தேன். மற்ற அரசர்கள் எல்லையில் கூடியபோது, யாரையாவது கூட்டுச் சேர்க்கச் சொன்னேன். தூது அனுப்பினார்.

சித்தப்பாவின் முகம் வந்தது. "உங்களோட கதைக்கப் பயமாயிருக்கு, பிறகு பாப்பம்." அடுத்தது அம்மாவின் முகம், அதே பதில். பிறகு என் முகம், அதே பதில். நான் சிரித்துச் சிரித்து எழுதிய வரி. அங்கே உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது ஒரு சொட்டுச் சிரிப்பும் வரவில்லை. கொட்டாஞ்சேனை தனியாக நின்று விழுந்தது.

பெரியப்பா திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் இப்பிடித்தான் நினைக்கிறீங்களோ?"

பெரியம்மாதான் அடுப்படியிலிருந்து, "வேற எப்பிடி நினைக்கிறது?" என்றார்.

"கொப்பன் இருந்திருந்தா முதல் இஞ்சதான் வந்திருப்பான்," என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது. "எனக்குப் பயத்தில இல்லை. அண்ணனைப் பாக்கவேணும் எண்டு வந்திருப்பான்." அவருடைய கோபத்துக்குக் காரணம் அவ்வளவுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன், நடிக்காமல்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைக் காட்டினார். "அந்தச் சைபரை மாத்தேலுமோ?"

"ஓம். எவ்வளவு போட?"

நீண்ட யோசனை. "ஒண்டு."

"அஞ்சு போடட்டோ?"

"ஒண்டு எண்டால் ஒண்டு. ஒரே நாளில எவ்வளவைத்தான் மன்னிக்கிறது?" வெற்றிலைத் தட்டத்தைக் கையில் வாங்கினார். பிறகு திரையை உற்றுப் பார்த்தார். "உது ஆர், இந்த அறிவு ஒன்பது?"

"நான், பெரியப்பா."

"அதை இரண்டாக்கு."

தங்கச்சிக்குத் தாரை வார்த்தபோது அவர் கையில் செம்பு சரிந்ததையும், சித்தப்பா ஓடிப்போய் முழங்கையைத் தாங்கியதையும் நான் பார்த்தேன். அதற்குப் பிறகு பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் போயா லீவில் பெரியப்பா வெள்ளவத்தைக்கு வந்துவிடுவார். சித்தப்பாவும் வருவார். இருவரும் ஒரே லாப்டொப்பில் மாறி மாறி முறை வைத்து ஒருவரையொருவர் அடித்து நொறுக்குவார்கள். யார் வீட்டில் என்ன பிழை நடந்தாலும், சோறு அடிப்பிடித்தாலும், பிறந்தநாளை மறந்தாலும், "சரி, ஒண்டு போட்டாச்சு" என்பதுதான் எங்கள் குடும்பத்தில் இப்போது மன்னிப்பு.

வாங்கலாமா என்று யாராவது கேட்டால் கட்டாயம் வாங்கச் சொல்வேன், இருபதோடு நிறுத்தாமல். பெரியப்பாவின் மன்னிக்கும் குணம் மெல்ல மெல்ல ஏறி இப்போது நாலில் நிற்கிறது. என் அறிவை ஏற்ற நானும் எத்தனையோ தரம் விண்ணப்பித்துப் பார்த்துவிட்டேன். குடும்பம் கூடி யோசித்து, இரண்டே கொஞ்சம் கூடத்தான் என்று சொல்லிவிட்டது.