ஆஸ்பத்திரி மாடியில் வெயில் டூட்டி

மகாலட்சுமிக்குச் சமமான அண்ணி சேஷாரத்னம் அவர்களுக்கு, குண்டூர் ஆஸ்பத்திரி மொட்டை மாடியிலிருந்து உங்கள் நாத்தனார் மங்கதாயாரு கும்பிட்டு எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே அண்ணன், நீங்கள், எருமை, கன்று எல்லோரும் சுகம்தானே? மரியாதை முடிந்தது, இனி விஷயம்.

அண்ணி, சின்ன அறையிலிருந்து மிளகாய் மூட்டைகளை எடுக்காதீர்கள்! நான் வரவில்லை! துணி காய வைக்கிற மிஷின் வருகிறது, உகாதியோடு என் வேலை போச்சு, இனி உங்கள் வீடுதான் எனக்குக் கதி என்று சங்கராந்திக் கடிதத்தில் அழுதிருந்தேனே? அதைப் படித்து நீங்களும் அழுததாக அண்ணன் எழுதியிருந்தார். எதற்காக அழுதீர்கள் என்று எனக்குத் தெரியாதா? கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நடந்தது என்னவென்றால், எங்கள் எலும்பு டாக்டர் விஸ்வபிரசாத் இருக்கிறாரே, ஊர் இடுப்பையெல்லாம் நிமிர்த்துகிறவர், அவரை நாற்காலியிலிருந்து எழுப்பவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியதாயிற்று. நர்ஸ்களும் ஆளுக்கொரு வலி சொன்னார்கள். பெரிய டாக்டரம்மா ராஜ்யலட்சுமி எல்லோருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஊசி போடுகிறவர்களுக்கே ஊசி, அண்ணி, அவர்கள் கத்தின கத்தலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! பார்த்தால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வைட்டமின் டி போதவில்லையாம். அது வெயில் பட்டால் உடம்பில் ஊறுவதாம். குண்டூரில், மிளகாய் காயப்போட்டால் தானே வறுபடுகிற ஊரில், வெயில் போதவில்லை! வெயில் ஏறுமுன் உள்ளே நுழைந்து, இருட்டிய பிறகு வெளியே வந்தால் எப்படிப் படும்?

"நான் ஜன்னலோரமாத்தானே உக்காந்திருக்கேன்?" என்றார் எலும்பு டாக்டர்.

"கண்ணாடி வழியா வெளிச்சம் வரும், வைட்டமின் ஊறாது. இதை நான் உங்களுக்குச் சொல்லணுமா?" என்று டாக்டரம்மா மாத்திரையும் கொடுத்து, தினமும் பதினோரு மணிக்கு இருபது நிமிஷம் எல்லோருக்கும் மாடியில் வெயில் டூட்டி என்று உத்தரவும் போட்டுவிட்டார். மாடி யாருடையது? இருபத்திரண்டு வருஷமாக என்னுடையது!

முதல் நாள் வந்தார்கள் பாருங்கள், குடை, கையுறை, முகம் நிறையக் களிம்பு. தலைமை நர்ஸ் சுவார்த்தம்மா கண் மட்டும் தெரிய முக்காடு போட்டிருந்தாள்.

"சிஸ்டரம்மா, வெயில் காய வந்தீங்களா, பேங்க் கொள்ளையடிக்க வந்தீங்களா?"

"கறுத்துப் போயிடுவேன் மங்கதாயாரு! எங்க வீட்டுக்காரர் என்ன சொல்லுவாரு?"

"அவரு உங்களைப் பகல்ல பாத்து எத்தனை வருஷம் ஆச்சு?"

முக்காட்டுக்குள்ளேயே சிரித்தாள். ஆனால் ஐந்தே நிமிஷத்தில் அத்தனை பேரும் நான் கொடியில் போட்டிருந்த படுக்கை விரிப்புகளின் நிழலில் பதுங்கி, வெளுத்த துணியெல்லாம் களிம்பாக்கிவிட்டார்கள், அண்ணி. எனக்கு வந்ததே கோபம்! "நிழல்ல உக்காந்தா வைட்டமினா வரும்? எழுந்திருங்க எல்லாரும்! முழுக்கையை மடிச்சு விட்டுட்டு ஆளுக்குப் பத்துத் துணி உலர்த்துங்க!" என்று ஈர வாளியை நடுவில் வைத்தேன். கையைத் தூக்கித் தூக்கித் துணி போட்டால் வெயில் கையில் படாமல் எங்கே போகும்? எலும்பு டாக்டர் வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு, "இப்படியா பிழியணும்?" என்றார். "நோயாளி காலை முறுக்குற மாதிரியே முறுக்குங்க சார், பழகின கைதானே!" என்றேன். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அது என் தப்பில்லை.

இரண்டு மாதம் போயிற்று. மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஏறியிருக்கிறது! எலும்பு டாக்டர் தானே எழுந்து நிற்கிறார், சுவார்த்தம்மா முக்காடில்லாமல் வருகிறாள், எனக்குத்தான் உலர்த்தத் துணி மிஞ்சவில்லை. நேற்று அந்த மிஷின் லாரியில் வாசலுக்கே வந்துவிட்டது. டாக்டரம்மா மாடியேறி வந்து பார்த்துவிட்டு, "மிஷினைத் திருப்பி அனுப்புங்க. இந்த மாடிதான் இவங்களுக்கு மருந்து. இதுக்கு மங்கதாயாருதான் பொறுப்பு" என்றார். அண்ணி, நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். கண்ணில் சோப்பு என்று சொல்லிவிட்டேன்.

அண்ணனுக்கு என் வணக்கம், கன்றுக்கு முத்தம், உங்களுக்குக் கன்னத்தில் ஒரு கிள்ளு. நீங்கள் நூறு வயது தீர்க்க சுமங்கலியாக இருந்து, என்னை இப்படியே தூரத்தில் வைத்துக் கொண்டாட வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்ளும்,

மங்கதாயாரு

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் ஒரு சேதி. இவ்வளவு ஆர்வமாக வெயில் டூட்டிக்கு வருகிறவர்கள் வெயிலில் வாடக் கூடாது என்று நிர்வாகத்தார் மனமிரங்கி, மாடி முழுவதும் தகரக் கூரை போட்டு எட்டு ஃபேன் மாட்ட உத்தரவு போட்டுவிட்டார்கள். "இனிமே நாள் பூராவும் வெயில் டூட்டி பாக்கலாம் மங்கதாயாரு!" என்று எலும்பு டாக்டர் குதித்துக்கொண்டு வந்து சொன்னார். கூரைக்குக் கீழே துணி காயாதாம், அதனால் பாதி வழி போன லாரியையும் திரும்பக் கூப்பிட்டாயிற்று. மூட்டைகளை எடுங்கள், அண்ணி. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன்.