சிலர் சார்

கடைசி வரிசையில் அந்தப் பெரியவர் இன்றைக்கும் வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் குடை, மூக்கு நுனியில் கண்ணாடி. அறவியல் விரிவுரையாளர் அவரைப் பார்க்காததுபோல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படிக்கிற வயசில்லை. வருகைப் பதிவில் பேரில்லை. பாடம் நடக்க நடக்கத் தலையை மட்டும் மெல்ல ஆட்டுகிறார். அரசுப் பல்கலைக்கழகத்தில் 'மதங்களும் மணமுறிவும்' என்று ஒருவர் பாடம் நடத்தினால், சும்மா கேட்டுவிட்டுப் போக எவராவது வருவாரா?

இவருக்கு முன்னால் இந்தப் பாடத்தை எடுத்தவர், "என் மதம் சொல்றதுதான் சரின்னு எனக்குப் படுது" என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டார். பாதி வகுப்பு புகார் கொடுத்தது. பயந்துபோய் அதை வாபஸ் வாங்கினார். மீதிப் பாதி புகார் கொடுத்தது. இப்போது தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டுகளுக்குச் சணல் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

நம்மவரோ தற்காலிகம். இந்தப் பருவம் வம்பில்லாமல் முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நடுத்தெரு.

"அந்த ஆளை மேலிடம்தான் அனுப்பியிருக்கு," என்றார் வீட்டில், சாப்பாட்டைப் பிசைந்தபடி.

"அப்படி என்ன சொல்லித் தொலைச்சீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமே சொல்லலை."

"அப்புறம் என்ன பயம்?"

"ஒண்ணுமே சொல்லலைன்னு புகார் கொடுத்தா?"

"உங்க கருத்து என்னன்னு கட்டிக்கிட்ட எனக்கே இன்னும் தெரியாது. அந்தக் கிழவருக்கா தெரியப்போகுது? சாப்பிடுங்க."

மறுநாள் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வாலைக் கட்டினார். "திருமணம் புனிதமானது என்று சிலர் சொல்கிறார்கள். ஒத்துவராவிட்டால் பிரிவதே அறம் என்று சிலர் சொல்கிறார்கள்." சுகமாக இருந்தது. சீக்கிரமே வாய்க்குப் பழகியும் போயிற்று. "நாளைக்கு வகுப்பு உண்டு என்று சிலர் சொல்கிறார்கள்," என்றார். மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் அவருக்குச் 'சிலர் சார்' என்று பேர் வைத்தார்கள்.

முன் வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். அந்த வகுப்பில் கேள்வி கேட்கிற ஒரே ஜீவன் அவள்தான்.

"சிலர் கிடக்கட்டும் சார். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு காலத்தில் அவர் வாத்தியார் வேலைக்கே வந்தார். பதில் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. கடைசி வரிசையில் பெரியவரின் தலை ஆடியது.

"இதைக் கேட்கச் சொல்லி உன்னை யாரும்மா அனுப்பினது?" என்றார்.

அந்தப் பெண் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள்.

நாளைக்கு விசாரணை என்று வந்தால் சாட்சி வேண்டுமே? அடுத்த வகுப்பிலிருந்து மேசைமேல் போனை வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்தார். கேள்வி கேட்க வாயெடுத்தவர்களிடம், "முதல்ல பேரைச் சொல்லு, அப்புறம் கேளு," என்றார். வகுப்பு விட்டதும் தூணுக்குத் தூண் ஒளிந்து பெரியவரைப் பின்தொடர்ந்தார். பெரியவர் நேரே துறைத்தலைவர் அறைக்குப் போய், கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தார்.

சந்தேகமே இல்லை. கதவில் காதை வைத்தார்.

"என்ன சார் பண்றீங்க?" தேநீர்த் தட்டோடு பியூன் நின்றிருந்தார்.

"பல்லி... இங்கதான் ஓடிச்சு."

பியூன் கதவைப் பார்த்தார், காதைப் பார்த்தார், தட்டோடு உள்ளே போனார்.

அதற்கப்புறம் வகுப்பில் ஒரு பயலும் பிடிகொடுத்துப் பேசவில்லை.

"நேத்து ஏன்டா வரலை?"

"காய்ச்சல்னு சிலர் சொல்றாங்க சார்."

ஆசிரியர் அறையில் இவர் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது. எல்லோரும் திடீரென்று மழை வருமா வராதா என்று கவலைப்பட்டார்கள். 'நம்ம சீட்டு கிழிஞ்சது இவங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு' என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது.

அன்றைக்கே துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே போனால், மனிதர் எழுந்து நிற்கிறார். மின்விசிறியை வேறு இவர் பக்கம் திருப்பிவிட்டார்.

"உட்காருங்க, உட்காருங்க. உங்க வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. நானே நேர்ல போய் முடிச்சிட்டு வந்தேன்."

இவரால் தன் காதையே நம்ப முடியவில்லை. "சார், அந்தக் கடைசி வரிசைப் பெரியவர்..."

துறைத்தலைவருக்கு வேர்த்தது. "என் மாமனார்ங்க. வீட்டுல எனக்கும் அவருக்கும் ஆகலை. பகல்ல உங்க வகுப்புலயாவது நிம்மதியாத் தூங்கட்டுமேன்னு நான்தான்... தயவுசெஞ்சு தப்பா எடுத்துக்காதீங்க. நாளையிலேருந்து வரமாட்டார்."

தூக்கம்! அத்தனை தலையாட்டலும் வெறும் தூங்கி வழிதல்!

மறுநாள் கடைசி வரிசை காலியாக இருந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"இன்னைக்குச் சிலர் யாரும் கிடையாது. நான் பேசப்போறேன்," என்றார். "எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. கொடுத்த வாக்கு பெருசுன்னு என் மதம் சொல்லுது, அதை நான் நம்புறேன். ஆனா அடியும் உதையும் வாங்கிக்கிட்டு ஒருத்தி அதே வீட்டுல கிடக்கணும்னு எந்தச் சாமி சொன்னாலும் நான் கேட்கமாட்டேன். என் அக்கா அப்படித்தான் கிடந்தா. இது தப்புன்னா எழுந்து சொல்லுங்க, சண்டை போடுவோம். அதுக்குத்தானே வகுப்பு?"

மணி அடிக்கும்வரை பேசினார். தொண்டை கட்டிக்கொண்டது. மனசு அப்படி லேசாக இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"இப்ப நீங்க சொல்லுங்க. பயப்படாம. என்ன நினைக்கிறீங்க?"

ஒரு கையும் உயரவில்லை. அவர் ஆசையோடு முன் வரிசைப் பெண்ணைப் பார்த்தார். அவள் மற்றவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக எழுந்து கைகட்டி நின்றாள்.

"எங்க வாயைப் பிடுங்கத்தான் இதெல்லாம் பேசுறீங்கன்னு தெரியும் சார், மேலிடத்து உளவாளி நீங்கதான்னு துறைத்தலைவரே மிரண்டுபோய்க் கிடக்கிறார், நாங்க எம்மாத்திரம்?"