சம்மாட்டியாரின் கண்ணாடிக் கூரை

"அப்பா, நாளைக்குக் கடல் எப்பிடி?"

மாலை ஆறரைக்குக் கைத்தொலைபேசியில் மகன் றஞ்சித் வழக்கம்போலக் கேட்டான். செபநாயகம் சாய்மனைக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே அன்று மத்தியானம்தான் போட்டு முடித்த புத்தம்புதுக் கண்ணாடிக் கூரை. அதற்கு மேலே நிலா. நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம்.

"வட்டம் கட்டியிருக்கு மகன். அகல வட்டம் பகல் மழை எண்டு சும்மாவே சொன்னவங்கள்? நாளைக்குப் போகாதை."

"சரியப்பா. மற்ற ஆக்களுக்கும் சொல்லிவிடுறன்."

குருநகர்க் கரையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. நாற்பது வருடம் சொந்தமாகப் படகுகள் வைத்துத் தொழில் செய்த சம்மாட்டி அவர். வானத்தைப் பார்த்து அவர் 'வேண்டாம்' என்றால் எட்டுப் பத்துப் படகுகள் கயிறு அவிழ்க்காமல் கிடக்கும். எழுபது வயதானதும் படகுகளை மகனிடம் கொடுத்துவிட்டு, உடைத்துப்போட்ட பழைய வள்ளத்தின் பலகைகளால் வீட்டுக்குப் பின்னால் ஒரு தளம் போட்டார். அதில் கதிரையை வைத்து உட்கார்ந்தவர்தான். கடலுக்குப் போகாவிட்டால் என்ன, ஆறரை மணி அழைப்பு இருந்தது. அது வரும்வரைக்கும் தான் இன்னும் தொழிலில்தான் இருக்கிறேன் என்பது அவருடைய நினைப்பு. அது நின்றால் தான் வெறும் பலகையில் குந்தியிருக்கும் ஒரு கிழவன் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தப் பயம் அவருக்கு நிறையவே இருந்தது.

மார்கழி மழைத் தூறலில் அந்தத் தளத்தை விட்டு எழும்பாமல் இருந்ததில் நெஞ்சில் சளி கட்டி, மூன்று மாதம் அறைக்குள்ளேயே கிடந்தார். இனி மழையும் படக்கூடாது, பனியும் படக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். டொக்டர் ஒரு தரம் சொன்னதை மனைவி றோஸ் நாளுக்கு நாற்பது தரம் சொன்னாள்.

"தகரத்தைப் போடுவம். செலவும் குறைவு."

"தகரத்தைப் போட்டால் நான் எதைப் பாத்து மகனுக்குச் சொல்லுறது? தகரத்தையோ?"

உண்மையான கண்ணாடியின் விலையைக் கேட்டதும் இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில் அச்சுவேலியில் கூரை வேலை செய்யும் லெனாட் வந்து வழி சொன்னான். இரும்புச் சட்டம் அடித்து அதற்கு மேலே கண்ணாடிபோல வெளிச்சம் விடும் பிளாஸ்ரிக் சீற் போடலாம்.

"விலை கால்வாசி, வெளிச்சம் முழுசு, சம்மாட்டியார்," என்றான் லெனாட்.

அப்படி வந்த கூரைதான் அது.

மறுநாள் மழை வரவில்லை. மழைக்குப் பதிலாக மண்டையைப் பிளக்கும் வெயில் வந்தது. பக்கத்துக் கரைப் படகுகள் பாரையும் விளையுமாக மீன் அள்ளிக்கொண்டு வந்தன. குருநகர்ப் படகுகள் எட்டும் கரையில் கிடந்து காய்ந்தன.

மத்தியானம் றஞ்சித் வீட்டுக்கு வந்து ஹெல்மெற்றைக் கழற்றி வைத்தான்.

"மழை எங்கையப்பா?"

"வரும்."

"எப்ப?"

"மழையென்ன காரைநகர் பஸ்ஸே, நேரம் சொல்லி வர?"

காரைநகர் பஸ்ஸும் நேரம் சொல்லி வருவதில்லை என்று சொல்ல நினைத்தவன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெல்மெற்றைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்துத் தென்மேற்குப் பக்கமாக ஒரு வெள்ளை முகில். செபநாயகம் கண் வெட்டாமல் கால் மணித்தியாலம் அதைப் பார்த்தார். மற்ற முகிலாக இருந்தால் இதற்குள் ஊர்காவற்றுறைக்குப் போயிருக்கும். இது அசையவேயில்லை.

"அசையாத முகில், மகன். என்ரை சீவியத்திலை ரெண்டே ரெண்டு தரம்தான் கண்டிருக்கிறன். ஒருத்தரும் கரையை விட்டு இறங்கக்கூடாது."

ஒருவரும் இறங்கவில்லை. விடிந்ததும் றோஸ் விளக்குமாற்றோடு தளத்துக்கு வந்தாள். மேலே பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா வாருங்கோ. உங்கடை முகிலிலை இலையான் மொய்க்குது."

காகம் எச்சமிட்டுச் செய்த வேலை. தென்மேற்கு மூலையில், நல்ல அகலமாக.

இந்தக் கதை றோஸின் வாயிலிருந்து பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டி, சந்தையைச் சுற்றி, கரைக்குப் போய்ச் சேர மூன்று மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, மகனோடு தொழிலுக்குப் போகும் சுபாங்கன் கோயில் வாசலில் நின்று மிகவும் பணிவாகக் கேட்டான்.

"சம்மாட்டியார், காகம் நாளைக்கு என்ன சொல்லுது?"

சுற்றி நின்றவர்கள் இருமினார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வராது என்பது செபநாயகத்துக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை.

மத்தியானம் முழுவதும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"நாப்பது வருசம் பிழைக்காத வாய், கூரை போட்ட அண்டைக்குப் பிழைச்சிருக்கு. அப்ப பிழை ஆரிலை? வாயிலையோ, கூரையிலையோ?"

"கூரைக்கென்ன? எனக்கு வடிவாத் தெரியுது," என்றாள் றோஸ்.

"நீ வானத்தைப் பாக்கிறது தோச்ச உடுப்புக் காயுமோ எண்டு பாக்க. நான் பாக்கிறது பத்து வீட்டுச் சீவியத்துக்கு. பார், எப்பிடிப் பனிமூட்டம்போலப் புகார் மூடிக் கிடக்கெண்டு! இந்தக் காலத்துச் சாமான் எல்லாம் உப்பிடித்தான். லைற் போட்டால் வெளிச்சம் இல்லை, பேப்பர் அடிச்சால் மை இல்லை, கண்ணாடி எண்டு வாங்கினால் கண்ணாடி இல்லை."

லெனாட்டுக்கு ஃபோன் எடுத்தார். தூசி படிந்திருக்கும், சவர்க்காரத் தண்ணீர் தொட்டு மெல்லிய துணியால் துடைத்தால் போதும் என்றான் அவன்.

மெல்லிய துணியாம்! வள்ளத்தின் அடியில் ஒட்டிய சிப்பியை வருடா வருடம் சுரண்டிய கைக்கு மெல்லிய துணி எந்த மூலைக்கு? றோஸ் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஏணியை வைத்து ஏறினார். ஒரு கையில் சாம்பல், மறு கையில் தேங்காய்ப் பொச்சு. ஏணியை நகர்த்தி நகர்த்தி, எட்டிய இடமெல்லாம் வள்ளம் தேய்ப்பதுபோல ஒரு மணித்தியாலம் வைத்துத் தேய்த்தார். வேர்த்து விறுவிறுத்து இறங்கியபோது நெஞ்சுச் சளியே இளகியதுபோல இருந்தது.

சந்தையால் வந்த றோஸ் மீன் பையைக் கீழே வைக்காமலே மேலே பார்த்தாள்.

"ஐயோ மாதாவே! ஒண்டும் தெரியேல்லையே!"

"பாத்தியே?" என்று துள்ளினார் செபநாயகம். "நான் அண்டைக்கே சொன்னனான். உனக்கு இப்பதான் விளங்குது!"

பொச்சு போட்ட கீறல்களை றோஸ் காட்டியபோது, அவற்றை மறைக்க அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான் இருந்தது. பழைய வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய சுறா எண்ணெய் அரைப் போத்தல் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் கிடந்தது. மரத்தைப் பளபளப்பாக்கிய எண்ணெய் பிளாஸ்ரிக்கை மட்டும் கைவிடுமா? பூசினார். கைவிடவில்லை. கூரை பளபளவென்று மின்னியது, அரை மணித்தியாலத்துக்கு.

பிறகு மணம் கிளம்பியது. முதலில் வந்தது எதிர்வீட்டுப் பூனை. அது தன் சொந்தக்காரருக்குச் சொன்னது. பொழுதுபடும்போது கூரைக்கு மேலே பதினொரு பூனைகள் நக்கிக்கொண்டிருந்தன. நக்க இடம் கிடைக்காத பூனைகள் சண்டை பிடித்தன. ஒழுங்கையில் எழும்பிய புழுதியெல்லாம் எண்ணெயில் ஒட்டியது. கொடியில் காய்ந்த உடுப்பெல்லாம் சுறா மணம். றோஸ் புருசனோடு கதைப்பதை நிறுத்திவிட்டு அந்தோனியார் படத்தோடு மட்டும் கதைத்தாள்.

ஆறரைக்கு அழைப்பு வந்தது.

"அப்பா, வானம் எப்பிடி?"

"இண்டைக்குச் சரியாப் பாக்கேலாமல் கிடக்கு மகன். பூனை மறைக்குது."

றஞ்சித் மெதுவாகச் சொன்னான்.

"அப்பா, கோவிக்காதையுங்கோ. இனி நான் ஃபோனிலை காலநிலையைப் பாக்கிறன். உங்களுக்கேன் வீண் கரைச்சல்?"

அவன் சத்தம் போட்டிருந்தால் செபநாயகமும் சத்தம் போட்டிருப்பார். அவன் அன்பாகச் சொன்னதுதான் அவரைக் கொன்றது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "புதுச் சீற் போடுவிக்கிறன். போட்டுப் பாத்துச் சொல்லுறன். அதுவும் சரிவராட்டில் நீ உன்ரை ஃபோனைப் பார். நான் வாய் திறக்கன்."

"ஓமப்பா. வெள்ளி வரைக்கும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் லெனாட் புதுச் சீற்றுகளை லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். கூரையைப் பார்த்தான். மூக்கைப் பொத்தினான்.

"சம்மாட்டியார், இப்ப கொண்டுவந்த சீற் முந்தினதிலும் திறம் ரகம். ஆனால் பொச்சும் எண்ணெயும் காட்டமாட்டன் எண்டு மாதாவிலை சத்தியம் பண்ணினால்தான் ஏணியிலை கால் வைப்பன்."

செபநாயகம் சத்தியம் பண்ணினார். "சத்தியத்தை இனிப் பூனையளிட்டையும் வாங்கு," என்று குசினிக்குள் இருந்து றோஸ் சொன்னாள். ஐந்து நாளில் அவள் அவரைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது.

தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று அவரை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டாள். ட்ரில் இரைவது கேட்டது. சீற்றுகள் சடசடவென்று அடிபடுவது கேட்டது. அந்தச் சத்தத்திலேயே அவருக்கு நித்திரை வந்துவிட்டது.

விழித்தபோது ஐந்து மணி. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வேலை முடிந்துவிட்டது!

அவசரமாக எழுந்து, குசினிக்குள்ளால் பின்பக்கம் வந்தார். உடனே மேலே பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடியே போய்க் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்தார். பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

இரும்புச் சட்டங்கள் தெரிந்தன. சட்டங்களுக்கு நடுவே, அதே வெள்ளைப் புகார்.

எழுந்தார். கதிரையைக் கிழக்கே இழுத்துப் பார்த்தார். மேற்கே இழுத்துப் பார்த்தார். நான்கு மூலையிலும் இருந்து பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் கஞ்சித் தண்ணீர் ஊற்றியதுபோல ஒரே மங்கல்தான். அவருக்கு அழுகை வந்தது. எழுபது வயதில், பட்டப்பகலில், பழைய வள்ளத்துப் பலகைக்கு மேல் நின்று அழலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் ஃபோன் அடித்தது. றஞ்சித்துக்கு ஆறரை வரை பொறுக்க முடியவில்லை.

"அப்பா, போட்டாச்சோ? எப்பிடிக் கிடக்கு?"

நன்றாக இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மகன் நம்பியிருப்பான். ஆனால் கடல் விசயத்தில் செபநாயகம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அங்கே பொய் சொன்னால் ஆள் திரும்பி வராது.

"தோத்துப்போனன் மகன்," என்றார். "இனி நீ ஃபோனையே பார்."

அப்போதுதான் வீட்டின் பக்கத்தால் லெனாட் வந்தான். சரிந்த வெயில் முகத்தில் அடிக்க, ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, மறு கையில் றோஸ் கொடுத்த தேத்தண்ணியோடு வந்தான். அவனைக் கண்டதும் செபநாயகத்தின் துக்கமெல்லாம் கோபமாக மாறியது.

"எடேய் லெனாட்! உனக்கு வெக்கமில்லையோ? இதுக்குப் பேர் திறம் ரகமோ? பழசே பறவாயில்லையடா! இதுக்குள்ளாலை சூரியனையே மட்டுக்கட்ட ஏலாமல் கிடக்கு. ஒரு மனிசன்ரை கடைசித் தொழிலிலை மண்ணைப் போட்டிட்டியே! இப்பவே ஏறு. ஏறி உந்தச் சீற் முழுவதையும் கழட்டி எறி!"

தொலைபேசிக்குள் றஞ்சித் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு றோஸும் குசினி வாசலுக்கு ஓடிவந்தாள். லெனாட் மேலே பார்த்தான். பிறகு சம்மாட்டியாரைப் பார்த்தான். பிறகு றோஸைப் பார்த்தான். தேத்தண்ணிக் கோப்பையைப் பலகையில் மெதுவாக வைத்துவிட்டு, கிட்ட வந்து, மிகவும் தணிந்த குரலில் சொன்னான்.

"சம்மாட்டியார், பழசைக் கழட்டினதோடை நிக்குது வேலை, புதுச் சீற் இன்னும் லான்ட்மாஸ்ரரிலைதான் கிடக்கு. இப்ப உங்கடை தலைக்கு மேலை இருக்கிறது ஒரு முகில்கூட இல்லாத வெறும் வானம்."