கொல்லிமலையில் வைத்த மீன் குழம்பு

கொல்லிமலைக் கோயில் ஆற்றில் சாமி மீனைப் பிடித்துக் குழம்பு வைத்தவன் ஒருவன் உண்டு என்று நாமக்கல் பக்கம் யாராவது சொன்னால் தயவுசெய்து நம்புங்கள். கட்டுக்கதை இல்லை. அந்த ஆள் நான்தான். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. குழம்பு நன்றாக வந்திருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ஆறாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன், அதற்குப் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் ஆறு மாதம் இருந்ததில்லை. சேலத்தில் தறி, ஈரோட்டில் மஞ்சள் மண்டி, கொஞ்ச நாள் லாரி கிளீனர், கரூரில் ஓட்டலில் மாவாட்டும் வேலை. சோறு கிடைத்த இடத்தில் தின்றேன். கிடைக்காத நாளில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். பிறந்தது காவிரிக்கரை என்பதால் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, மீன் பிடிப்பது. தூண்டிலும் வேண்டாம், வலையும் வேண்டாம். தோளில் கிடக்கும் துண்டு போதும்.

இப்படித் திரிந்துகொண்டிருந்தவன், மலையடிவாரத்தில் பெரியண்ணன் மாமாவின் காட்டுக்குக் கடலைக்காய் பிடுங்கப் போய்ச் சேர்ந்தேன். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். (எவ்வளவு தூரம் என்று இரண்டு பக்கத்தாரும் கணக்குப் போட்டுப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டார்கள்.) கடலைக்காய் பிடுங்கி முடிந்த பிறகும் நான் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. காரணம் மாமாவின் ஒரே மகள் பாவாயி. மாமாவுக்கும் அது தெரியும். அவருக்கு என் பேரில் கொஞ்சம் பிரியமும் உண்டு. ஆனால் கணவரை இழந்து அண்ணன் வீட்டோடு இருந்த, பாவாயியின் அத்தை செல்லாயிக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

"ஊடு இல்ல, வாசல் இல்ல, ஒரு ஊர்ல நிக்கற காலும் இல்ல. இவனுக்குப் புள்ளயக் குடுத்துட்டு நாளைக்கு எந்த ரோட்டுல போயித் தேடறதுங்கண்ணா?" என்று என் காதில் விழும்படியே கேட்டார்.

மாமா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆடி மாதம் எல்லோரும் மலையேறுவது. முதலில் அறப்பளீசுவரரைக் கும்பிடுவது. பிறகு காட்டுக்குள் இருக்கும் எட்டுக்கை அம்மனிடம் போய்ப் பூக் கேட்பது. வெள்ளை அரளி ஒரு இலையிலும், செவ்வரளி ஒரு இலையிலும் மடித்து அம்மன் முன்னால் வைத்து, அங்கே இருக்கும் குழந்தை எதையாவது கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் எனக்கும் பாவாயிக்கும் கல்யாணம். சிவப்பு வந்தால் நான் மூட்டையைக் கட்ட வேண்டியது. மூட்டை என்று கட்ட என்னிடம் இருந்தது ஒரு வேட்டியும் மேற்சொன்ன துண்டும்தான்.

"மலைக்குப் போயிருக்கீங்களா மாப்ள?" என்று மாமா கேட்டார்.

அவர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில் எனக்குத் தலை சுற்றிவிட்டது. "மூணு தடவ ஏறியிருக்கேனுங்க மாமா. கண்ணக் கட்டி உட்டாலும் கோயில்ல போயி நிப்பேன்" என்றேன்.

லாரியில் போகும்போது கீழே இருந்து மலையைப் பார்த்திருக்கிறேன். அது மூன்று தடவை இருக்கும். மற்றபடி அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. இந்தப் பொய்யால் இரண்டு விளைவுகள். ஒன்று, அரிசி, சட்டி, புளி, மிளகாய் எல்லாம் என் தலைக்கு வந்தன. இரண்டு, அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் மேலே பஸ் கிடையாது, நடைதான். காலில் அட்டை ஏறும், பிய்த்துப் போட்டுவிட்டு நடக்க வேண்டும். அது பழகிவிட்டது. பழகாதது பாதை. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்திலெல்லாம் எனக்குக் காலில் முள் குத்தியது. உட்கார்ந்து நிதானமாக முள்ளை எடுப்பேன். மாமா, அத்தை, பாவாயி மூவரும் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு எழுந்து பின்னால் போவேன். சோளக்காடு என்ற மலையூரில் ஒரு இரவு தங்கி, அந்த ஊர்ச் சந்தையில் ஒரு பொட்டலம் மிளகு வாங்கிக்கொண்டு, மறுநாள் கோயில் போய்ச் சேருவதற்குள் எனக்கு ஒன்பது முள் குத்தியிருந்தது.

"மூணு தடவ ஏறுன காலா இது? மலையில இருக்கற முள்ளெல்லாம் இவனையே தேடி வருது" என்றார் அத்தை. பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்பது முதுகு குலுங்கியதில் தெரிந்தது.

கோயிலை ஒட்டி ஆறு ஓடுகிறது. தண்ணீருக்குள் கூட்டம் கூட்டமாக மீன். அத்தை மடியிலிருந்து பொரியை எடுத்து வீசி, "தின்னுங்க கண்ணு, நல்லாத் தின்னு கொழுத்துக் கெடங்க" என்று என்னிடம் ஒருநாளும் காட்டாத பாசத்தோடு சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் அதையே செய்தார்கள். ஏன் என்று கேட்கலாம். ஆனால் மூன்று தடவை வந்தவன் எப்படிக் கேட்பது? நானே யோசித்தேன். எங்கள் ஊரில் கருப்பசாமிக்கென்று ஒரு கிடாயை நேர்ந்து விடுவார்கள். ஊரே அதற்குத் தழை கொடுக்கும், தடவிக் கொடுக்கும், கொழுக்க வைக்கும். திருவிழா அன்றைக்கு வெட்டி ஊரே தின்னும். இதுவும் அதே கதைதான் என்று என் ஆறாம் வகுப்பு மூளை முடிவு செய்தது.

அறப்பளீசுவரரைக் கும்பிட்டு முடித்ததும் மூவரும் அம்மன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். எந்தப் பையனுக்காகப் பூக் கேட்கிறோமோ அவன் எதிரில் நிற்கக் கூடாது என்று அத்தை என்னை ஆற்றங்கரையில் விட்டார். "நாங்க வாரதுக்குள்ள சோறாக்கி ஒரு ரசம் வெச்சு வை. பூக் கேட்டுட்டு வந்தா விரதம் முடிஞ்சுது."

மாமா கொஞ்சம் பின்தங்கி என் காதோரம், "ஆடி பொறந்ததுலருந்து கவுச்சி கண்ணுல படல மாப்ள. நாக்குச் செத்துப் போச்சு" என்று பெருமூச்சு விட்டுப் போனார்.

இதற்கு மேல் ஒரு மாப்பிள்ளைக்கு என்ன குறிப்பு வேண்டும்?

உச்சிவேளை. கூட்டமெல்லாம் அருவியில் குளிக்கக் கீழே இறங்கியிருந்தது. நான் துண்டை அவிழ்த்துக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். காவிரி மீன் மனிதன் நிழல் பட்டாலே பறந்துவிடும். இந்த மீன்களோ என்னைச் சுற்றி வந்து விரலைக் கடித்துப் பார்த்தன. மலை மீனுக்கு அறிவு கம்மி என்று நினைத்துக்கொண்டேன். (யாருக்குக் கம்மி என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.) நல்லதாகப் பார்த்து ஏழு எடுத்தேன். மாமாவுக்கு இரண்டு, பாவாயிக்கு இரண்டு, அத்தைக்கு வாயை அடைக்க இரண்டு, எனக்கு ஒன்று. மறைவாக ஒரு மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி, கொண்டு வந்த புளி முழுவதையும் கரைத்து, சோளக்காட்டு மிளகுப் பொட்டலம் முழுவதையும் கல்லில் நுணுக்கிக் கொட்டினேன். ஆடி மாதத்து மலைக்காற்றில் வாசனை ஊரைக் கூட்டியது.

முதலில் கூடியவர் குச்சிக்கிழங்கு மூட்டையோடு வந்த ஒரு மலைக்காரர்.

"ஏனுங்க, என்னங்க கொளம்பு?"

"மீனுங்க. உக்காருங்க, உங்களுக்கும் ஒரு துண்டு வெக்கறேன்."

"மலையில ஏதுங்க மீனு?"

"இந்தா இங்கதானுங்க. கையிலயே வந்து ஏறுது."

அவர் மூட்டையைக் கீழே போட்டார். உட்காரப்போகிறார் என்று நான் இடம் விட்டேன். அவர் மூட்டையை அங்கேயே விட்டுவிட்டுக் கோயிலைப் பார்த்து ஓடினார்.

திரும்பி வரும்போது பூசாரியும் முப்பது நாற்பது பேரும் கூடவே வந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் நான் புரிந்துகொண்டது இது. அந்த ஆற்று மீனெல்லாம் சாமி. யாரும் தொட மாட்டார்கள். முன்னொரு காலத்தில் ஒருவன் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தான். கொதிக்கிற சட்டிக்குள்ளேயே துண்டெல்லாம் ஒன்றாகப் பொருந்தி, துள்ளி எழுந்து ஆற்றுக்கே ஓடிவிட்டன.

நான் மெதுவாக மூடியைத் திறந்து பார்த்தேன். யாரும் பொருந்துவதாகத் தெரியவில்லை. நன்றாக வெந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா மாமா வர வேண்டும்? தூரத்திலேயே இலையை உயரத் தூக்கிக் காட்டிக்கொண்டு, "மாப்ளே, வெள்ளப்பூ! வெள்ளப்பூ!" என்று கத்தியபடி ஓடி வந்தார். கூட்டம் வழிவிட்டது. அடுப்பையும் சட்டியையும் பார்த்தார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த அத்தை சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஐயோ, ஏ வயிறே!" என்று தரையில் உட்கார்ந்தார்.

என் வாழ்க்கையில் நான் பல இடத்திலிருந்து ஓடியிருக்கிறேன். அன்றைக்கும் கால் தயாராகத்தான் இருந்தது. ஆனால் பாவாயி நின்றுகொண்டிருந்தாள். ஓட முடியவில்லை.

பூசாரி சாப்பாட்டு நேரத்தில் எழுப்பப்பட்ட மனிதர். நீட்டி முழக்கவில்லை. "சட்டியக் கொண்டு போயி ஆத்துல ஊத்து. பொருந்த வெக்கறது சாமி பாடு" என்றார்.

சூடு கையைச் சுடச் சுடத் துண்டில் பிடித்துத் தூக்கிப் போய் ஊற்றினேன். சிவப்பாக எண்ணெய் பரவியது. மீன் துண்டுகள் மூழ்கின. திடீரென்று தண்ணீர் கொந்தளித்தது. நூறு மீன் அந்த இடத்தில் புரண்டது. அதில் ஒன்று முழ உயரம் எகிறிக் குதித்து விழுந்தது. இன்னொன்று, இன்னொன்று.

"பொருந்திருச்சு! ஓடுது பாரு, ஓடுது பாரு!" என்று ஒரு அம்மாள் அலறினார். எல்லோர் கையும் தலைக்கு மேலே போனது. என் கையும்தான். அவை குழம்பைத் தின்ன வந்த மீன்கள் என்பதும், குதித்தது மிளகுக் காரத்தில் என்பதும் சமைத்தவனுக்குத் தெரியாதா? ஆனால் சொல்கிற நேரமா அது? பூசாரி என் நெற்றியில் திருநீற்றை அப்பிவிட்டுச் சாப்பிடப் போனார். மலைக்காரர் தன் மூட்டையைத் தேடி எடுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் மாமா கேட்டார். "மூணு தடவ வந்தேன்னீங்களே மாப்ள?"

"ஒரு தடவகூட வந்ததில்லீங்க மாமா."

"அப்ப அந்த முள்ளு?"

"முள்ளும் இல்லீங்க."

அத்தை எழுந்து கொண்டையை இறுக்கிக் கட்டினார். "நடங்கண்ணா, திரும்பப் போயிப் பூக் கேப்போம். இவன் பண்ணுன வேல தெரியாம அம்மன் வெள்ளையக் குடுத்துருச்சு."

மாமா அம்மன் கோயில் பாதையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். முடிவுக்கு வர முடியாமல் நின்றார். அப்போதுதான் அதுவரை வாயே திறக்காத பாவாயி பேசினாள்.

"அம்மனுக்குத் தெரியாததுன்னு ஒண்ணு உண்டாங்கத்தே? நாம பூக் கேக்கறப்ப கொளம்பு அடுப்புல கொதிச்சுட்டு இருந்திருக்கும். பாத்துட்டேதான் குடுத்திருக்கு."

அம்மனுக்குத் தெரியாது என்று இரண்டாம் தடவை சொல்ல அத்தைக்குத் துணிவு வரவில்லை. எனக்குத் தெரிந்து அத்தை பேச்சில் தோற்றது அன்றைக்கு மட்டும்தான். ரசம் வைக்கப் புளி இல்லை, எல்லாம் ஆற்றில். வெறும் சோற்றில் உப்பைப் போட்டு நாலு பேரும் தின்றோம். அவ்வளவு ருசியான சோற்றை நான் எந்த ஊரிலும் தின்றதில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதன் பிறகும் இரண்டொரு தடவை கால் அரிக்க எங்கெங்கோ போனேன், ஆனால் ஆடிக்குள் திரும்பிவிடுவேன். வருடம் தவறாமல் குடும்பத்தோடு மலைக்குப் போகிறோம். நான் பொரி போட்டால் மட்டும் அந்த ஆற்றில் ஒரு மீன்கூடக் கிட்ட வருவதில்லை. என் நிழல் தண்ணீரில் விழுந்ததும் பாறைக்கடியில் போய் ஒளிந்துகொள்கின்றன. இதை வேடிக்கை காட்டவே என் பிள்ளைகள் புதிதாக வரும் சொந்தக்காரர்களை மலைக்குக் கூட்டி வருகிறார்கள். போன ஆடிக்கு என் மகள் தன் புது மாப்பிள்ளையைக் கரையில் நிறுத்தி, "இப்பப் பாருங்க, எங்கப்பா போடுவாரு, ஒண்ணும் வராது" என்றாள். போட்டேன். வரவில்லை. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாவம், அதுகளும் பசியாறட்டும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் பாவாயி.

நான் போய் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து மீதிப் பொரியைத் தின்றேன்.